கிரைண்டர் லைனை விட்டுவிடாதே, அம்மா

அன்பு மகளுக்கு,

கீசருக்கும் மோட்டாருக்கும் மட்டும் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் வெட்டும் சுவிட்ச்) போதும், மற்றதற்கெல்லாம் எம்.சி.பி. (கரன்ட் அளவு மீறினால் தானே அணைந்து ‘விழும்’ சுவிட்ச்) இருக்கிறதே என்று உங்கள் வயர்மேன் சொன்னதாக நேற்றுப் போனில் சொன்னாய். அதிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை. போதாது, அம்மா.

எம்.சி.பி. வயரைத்தான் காப்பாற்றும். 16 ஆம்பியர் எம்.சி.பி. விழ, 16 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். அதில் ஐந்நூறில் ஒரு பங்கு, அதாவது சுமார் 32 மில்லி ஆம்பியர், உடம்பில் பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து. 60 வாட் குண்டு பல்பு எடுப்பதே சுமார் 260 மில்லி ஆம்பியர் என்றால் பார்த்துக்கொள். பேஸில் போனது முழுவதும் நியூட்ரலில் திரும்புகிறதா என்று ஆர்.சி.சி.பி. கவனித்துக்கொண்டே இருக்கும். திரும்பாத வித்தியாசம்தான் உடம்பு வழியாகவோ வேறு வழியாகவோ கசிவது. அது 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் வெட்டிவிடும்.

உனக்கு நான்கு வயது இருக்கும். வாடகை வீட்டில் ஒரு மழைக்காலக் காலையில் மாவு வழிக்கக் கிரைண்டரில் கை வைத்த உன் அம்மாவால் கையை எடுக்க முடியவில்லை. நான் ஓடிப்போய் மெயினை அணைத்தேன். ப்யூஸ் அப்படியே இருந்தது. அது சமையலறையின் சாதாரண பிளக் பாயின்ட்தான்.

அதனால் ஆர்.சி.சி.பி.யின் காவலிலிருந்து பிளக் பாயின்ட் ஒன்றுகூட விடுபடக் கூடாது. வாஷிங் மெஷின், ஏ.சி., வாசல் விளக்கு எல்லாம் சேரட்டும். பணம் இடித்தால் கூரை விளக்கையும் மின்விசிறியையும் பிறகு பார்க்கலாம்.

ஆனால் வீடு முழுவதற்கும் ஒரே ஒரு ஆர்.சி.சி.பி. மாட்டிவிடாதே. ஒவ்வொரு சாதனத்திலிருந்தும் கொஞ்சம் கரன்ட் கசியும். எல்லாம் கூடினால், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. 15-ஐத் தாண்டியதுமே விழக்கூடும். மழை இரவில் மோட்டார் கேபிளில் ஈரம் இறங்கினால் வீடே இருண்டுவிடும். நான்கு முறை அப்படி ஆனதும் யாராவது அதைத் தாண்டி நேராக இணைப்புக் கொடுத்துவிடுவார்கள். வேலை பார்த்த காலத்தில் எத்தனையோ வீடுகளில் பெட்டிக்குள் ஆர்.சி.சி.பி. இப்படி வெறும் பொம்மையாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன். எனவே மோட்டாரும் வெளிப்புறமும் ஒன்றில், குளியலறையும் வாஷிங் மெஷினும் ஒன்றில், சமையலறையும் அறைகளின் பிளக் பாயின்ட்டுகளும் ஒன்றில். ஃப்ரிட்ஜுக்குத் தனியாக ஒன்று இருந்தால், நீங்கள் ஊருக்குப் போயிருக்கும்போது வேறு எது விழுந்தாலும் அது ஓடும்.

ஒவ்வொரு ஆர்.சி.சி.பி.யின் நியூட்ரலும் அதனதன் லிங்க்கிலேயே (நியூட்ரல் வயர்கள் சேரும் பட்டை) சேர வேண்டும் என்று வயர்மேனிடம் கண்டிப்பாகச் சொல். இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலை வேறொன்றோடு கலந்தால் காரணமே இல்லாமல் விழுந்துகொண்டிருக்கும். எர்த் குழியையும் சுருக்கிவிட வேண்டாம். பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துத் தொட்டால் எந்த ஆர்.சி.சி.பி.யும் காப்பாற்றாது என்பதை மாப்பிள்ளையிடமும் சொல்லிவை.

இந்த சுவிட்ச்கள் எல்லாம் உட்காரும் டி.பி. பாக்ஸைப் பெரியதாகவே வாங்குங்கள், கூடுதல் செலவை நான் தருகிறேன். வயர் இழுக்கும் நாளை முன்கூட்டியே சொல். காலை முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா