பிடி-305 படகுக்குக் கை கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும்,

வணக்கம். சீரமைத்த பிடி-305 போர்ப்படகு நியூ ஆர்லியன்ஸ் பக்கத்துப் பான்ட்சர்ட்ரெய்ன் ஏரியில் மறுபடி ஓடிய படங்களைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் எனக்கு வாழ்த்து அனுப்பியிருந்தீர்கள். கடலூரிலிருந்து வந்த ஒரு செய்தியில் "கப்பல் கட்டிய எங்கள் வீட்டுப் பெண்" என்றே எழுதியிருந்தது. கூச்சமாகிவிட்டது. அந்தப் படகைச் சீரமைக்க வேலை செய்த தன்னார்வலர்கள் 200 பேருக்கு மேல். அவர்கள் கொடுத்த நேரம் ஒரு லட்சம் மணிக்கு மேல். சனிக்கிழமைகளில் போய்ப் பலகை பிடித்தவர்களில் நானும் ஒருத்தி, அவ்வளவுதான். அதனால் வந்த வாழ்த்தைச் சேரவேண்டிய இடங்களுக்கு அனுப்பி வைக்கத்தான் இந்த மடல்.

படகைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படை வைத்திருந்த டார்பிடோ ரோந்துப் படகுகளைத்தான் பிடி (PT, Patrol Torpedo) படகு என்பார்கள். டார்பிடோ என்பது தண்ணீருக்குள் பாய்ந்து கப்பலைத் தாக்கும் குண்டு. 305ஆம் எண் படகு 1943இல் நியூ ஆர்லியன்ஸிலேயே, ஹிக்கின்ஸ் இண்டஸ்ட்ரீஸ் தொழிற்சாலையில் கட்டப்பட்டது. நீளம் 78 அடி. உள்ளே மூன்று பேக்கார்ட் எஞ்சின்கள், ஒவ்வொன்றும் 1,500 குதிரைத்திறன், எரிபொருள் விமானப் பெட்ரோல். மத்தியதரைக் கடலில் எல்பா தீவுத் தரையிறக்கத்திலும் தென் பிரான்ஸ் தரையிறக்கத்திலும் இருந்திருக்கிறது. எதிரிக் கப்பல்கள் மூன்றை மூழ்கடித்திருக்கிறது. இத்தனையும் செய்த உடம்பு முழுக்க மரம்.

"பிளைவுட் படகு" என்று பலரும் எழுதுகிறார்கள், படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். பிடி படகின் அடிப்பகுதி மஹாகனிப் பலகை, இரண்டு அடுக்கு. நடுவில் பசையில் ஊறிய கேன்வாஸ் துணி. மூன்றையும் சேர்த்து வங்குகளோடு (படகின் விலா எலும்பு போன்ற வளைந்த சட்டங்கள்) இறுக்கிப் பிடித்திருப்பவை ஆயிரக்கணக்கான ஸ்க்ரூக்கள். இப்படிக் கட்டினால் எடை குறைவு, வேகம் அதிகம், குண்டு துளைத்த இடத்தைப் போர்முனையிலேயே வெட்டி ஒட்டுப்போட்டுவிடலாம். நீண்ட ஆயுள் மட்டும் கிடையாது. அதை யாரும் கேட்கவும் இல்லை. போர் முடிகிற வரைக்கும் தாங்கினால் போதும் என்பதுதான் கணக்கு.

அதனால் முதல் நன்றி, சில வருடம் ஓடினால் போதும் என்றிருந்த படகை இவ்வளவு ஒழுங்காகக் கட்டிய ஹிக்கின்ஸ் தொழிலாளர்களுக்கு. பெண்கள், கறுப்பினத்தவர், வயதானவர்கள், மாற்றுத்திறனாளிகள் என்று எல்லோரையும் வேலைக்கு எடுத்த தொழிற்சாலை அது. ஒரே வேலைக்கு ஒரே சம்பளம். அமெரிக்கத் தெற்கில், நிறப் பாகுபாடு சட்டமாகவே இருந்த 1940களில், இது சாதாரண விஷயம் இல்லை. அவர்கள் பெயர் எதுவும் பலகையில் இல்லை. ஆனால் உள்பக்கம் யார் கண்ணுக்கும் படாத மூலையிலும் ஸ்க்ரூக்கள் ஒரே வரிசையில் நேராக நிற்கும். அதைப் பார்த்தால் போட்ட கை எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

அடுத்த நன்றியைக் கேட்டால் படகுப் பிரியர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். படகின் வாலை வெட்டியவர்களுக்கு நன்றி!

போர் முடிந்ததும் பிடி படகுகளை என்ன செய்தார்கள் தெரியுமா? பிலிப்பைன்ஸின் சமார் தீவுக் கரையில் நூற்றுக்கும் மேலான படகுகளை வரிசையாக இழுத்துப் போட்டு எரித்துவிட்டார்கள். மரப்படகைப் பராமரிக்கச் செலவு அதிகம், அமெரிக்காவுக்குத் திரும்பக் கொண்டுவருவது அதைவிட அதிகம். 305 தப்பியது இருந்த இடத்தால். ஐரோப்பாவில் வேலை முடிந்து, பசிபிக்குக்கு அனுப்புவதற்காக அதை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அதற்குள் போரே முடிந்துவிட்டது. 1948இல் விற்றார்கள். நியூயார்க்கில் சுற்றுலாப் படகாக ஓடியது. அப்புறம் அமெரிக்கக் கிழக்குக் கரையின் செசபீக் விரிகுடாவில் சிப்பி எடுக்கும் படகாகிவிட்டது. 65 அடிக்கு மேல் நீளம் இருந்தால் உரிமம், ஆள்பலம் என்று அரசு விதிகள் கூடும். அதனால் பின்பக்கத்தில் 13 அடியை வெட்டி எடுத்துவிட்டார்கள்.

பின்னாளில் படகைச் சீரமைத்த பட்டறையில் அந்த வெட்டைத் திட்டாதவர் இல்லை. விட்டுப்போன 13 அடியைப் பழைய வரைபடங்களை வைத்துப் புதிதாகவே கட்டவேண்டியிருந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். சிப்பி வியாபாரத்துக்கு அந்தப் படகு தேவைப்பட்டதால்தான் அது தண்ணீரிலேயே இருந்தது, ஒழுகினால் அடைத்தார்கள், வண்ணம் பூசினார்கள். காட்சிக்கு வைக்கிறோம் என்று யாராவது அன்றைக்கே கரையேற்றி வெயிலிலும் மழையிலும் நிறுத்தியிருந்தால் பத்து வருடத்தில் உளுத்துப் போயிருக்கும். மரப்படகுக்குக் கடல்நீரைவிட மேல்தளத்தில் கசிந்து உள்ளே தேங்கும் மழைநீர்தான் பெரிய எதிரி. வெட்டினார்கள், சரி, பதிலுக்கு மீதி 65 அடியை உயிரோடு வைத்திருந்தார்கள். செசபீக் பக்கம் இருக்கும் தமிழ் நண்பர்கள் யாருக்காவது பழைய சிப்பிப் படகுக் குடும்பங்களைத் தெரிந்திருந்தால், நியூ ஆர்லியன்ஸில் ஒருத்தி நன்றி சொன்னாள் என்று சொல்லிவிடுங்கள்.

2007இல் நியூ ஆர்லியன்ஸின் தேசிய இரண்டாம் உலகப் போர் அருங்காட்சியகம் படகை வாங்கியது. சீரமைப்புக்குப் பத்து வருடம் ஆனது. அதில் நான் கடைசிப் பகுதியில் வந்து சேர்ந்தவள். அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் பணி ஓய்வு பெற்றவர்கள். எலக்ட்ரீஷியன், பள்ளி ஆசிரியர், எண்ணெய்க் கம்பெனி எஞ்சினியர், முன்னாள் படைவீரர் என்று கலவையான கூட்டம். பலருக்கு மரவேலை அங்கே வந்துதான் பழக்கம். பெயர் போடவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், போடவில்லை. ஆனால் அவர்கள் கற்றுக்கொடுத்ததை எழுதாமல் இருக்க முடியாது.

ஒரு பலகையை மாற்றுவது என்றால் பழையதைப் பிடுங்கிவிட்டுப் புதியதை அடிப்பது இல்லை. வெளி அடுக்கை எடுக்க, ஸ்க்ரூத் தலையை மூடியிருக்கும் பூச்சைச் சுரண்டி, ஒவ்வொன்றாகக் கழற்றவேண்டும். கழலாதது பாதியில் முறியும், அதைச் சுற்றிக் குடைந்து எடுக்கவேண்டும். கீழே கேன்வாஸ், அதற்கும் கீழே உள் அடுக்கு. இவற்றைத் தாண்டினால்தான் வங்கின் நிலைமை தெரியும். வங்கு இற்றிருந்தால் பலகை வேலை அப்படியே நிற்கும், முதலில் வங்கைச் சரிசெய்தாகவேண்டும். அப்புறம் புதுப் பலகையை இழைத்து, வைத்துப் பார்த்து, மறுபடி இழைத்து, படகின் வளைவுக்கு அது பொருந்துகிற வரைக்கும் பொறுமை வேண்டும். அவசரப்பட்டு இறுக்கினால் ஸ்க்ரூ பிடிக்கும், பலகை விரிசல் விடும். எனக்குக் கற்றுக்கொடுத்த பெரியவர் அளவு டேப்பைத் தொடவே மாட்டார். பலகைகள் சேரும் இடத்தை உள்ளங்கையால் தடவிவிட்டு "இன்னும் கொஞ்சம்" என்பார். மூன்றாவது முறையும் "இன்னும் கொஞ்சம்" என்றால் எனக்குக் கோபம் வரும். அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும், அது வேறு விஷயம்.

அப்போதெல்லாம் எனக்குக் கைகொடுத்தவர் கடலூர் முதுநகரில் மரப்படகு கட்டும் என் சித்தப்பா. அங்கே விடிகாலை, எனக்கு மாலை. பட்டறைப் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டீக்கடையில் உட்கார்ந்தபடியே பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கூப்பிடுவார். "பலகையோட மல்லுக்கட்டாத பாப்பா, வங்கப் பாரு. வங்கு சரியா நின்னா பலகை தானா வந்து உக்காரும்" என்பார். இரண்டு அடுக்கு மஹாகனியை அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லை. இருந்தும் ஒரு படத்தில் ஒரு வங்கு மட்டும் வெளியே தள்ளி நிற்பதை உடனே கண்டுபிடித்துவிட்டார். சித்தப்பா, நீங்கள் சொன்னதைப் பட்டறைப் பெரியவரிடம் சொன்னேன். அவருக்கு உங்களை நேரில் பார்க்க ஆசையாம். விசா வாங்கிக்கொண்டு வாருங்கள் என்றால் நீங்கள் சிரிக்கிறீர்கள்!

இன்னொரு தோழிக்கும் நன்றி சொல்லவேண்டும். அவள் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள், போரைப் பார்த்தவள். "போர்ப்படகுக்கு ஏனடி இவ்வளவு பாடு?" என்று நேராகவே கேட்டாள். மூழ்கடித்த மூன்று கப்பல்களிலும் ஆட்கள் இருந்திருப்பார்கள்தானே என்றாள். இருந்திருப்பார்கள்தான். எனக்குச் சரியான பதில் வரவில்லை, இன்றைக்கும் முழுப் பதில் இல்லை. எனக்குப் பிடித்தது மரவேலை, அந்த வேலைக்குக் கிடைத்த மரம் இது என்றுதான் சொன்னேன். அவளுக்கு அது போதவில்லை. ஆனாலும் ஒருநாள் பட்டறைக்கு வந்தாள், முகமூடி மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் நின்று உப்புத்தாள் தேய்த்தாள். அந்தக் கேள்வியை விட்டுக்கொடுக்காமலே வந்ததற்காக உனக்குத் தனி நன்றி.

2016 நவம்பரில் படகைப் பட்டறையிலிருந்து வெளியே எடுத்து, மிசிசிப்பி ஆற்றில் ஒரு தட்டைப் படகின் மேல் ஏற்றி ஏரிக்குக் கொண்டுபோனார்கள். கட்டி முடித்த காலத்தில் ஓட்டிச் சோதித்த அதே ஏரி. அந்தப் படகில் போர்க்காலத்தில் பணியாற்றி, அதுவரை உயிரோடு இருந்த முதியவர்கள் சிலர் பின்னால் வந்து ஏறிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் வணக்கம். பணம் கொடுத்தவர்கள், எஞ்சின்களை உயிர்ப்பித்த மெக்கானிக்குகள், பட்டறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்துக் கையசைத்த பள்ளிப் பிள்ளைகள், எல்லோருக்கும் நன்றி.

என் வீட்டுக்காரருக்கும் மகனுக்கும் என்ன சொல்வது? சனிக்கிழமைச் சமையல் அவர்கள் தலையில் விழுந்தது. மகன் இப்போது சாம்பார் நன்றாகவே வைக்கிறான், அந்தப் பெருமையில் பாதி பிடி-305க்குப் போகவேண்டும். பசை நாற்றத்தோடு வீட்டுக்குள் வந்தவளை வாசலிலேயே நிறுத்திச் செருப்பைக் கழற்றச் சொன்னார்களே தவிர, போகாதே என்று ஒருநாளும் சொல்லவில்லை.

கடைசியாக, பட்டறை ஆட்களுக்குச் சேர்த்து எலுமிச்சை சாதமும் தயிர் சாதமும் கட்டிக்கொடுத்த இந்த ஊர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு. ஊறுகாயை முதலில் பயந்து பார்த்தவர்கள் கடைசியில் பாட்டிலைக் கேட்டு வாங்கிப் போனார்கள். உங்களுடைய எவர்சில்வர் தூக்குகளும் டிபன் பாக்ஸ்களும் நிறைய என் வீட்டில்தான் இருக்கின்றன. சிலவற்றில் பெயர் வெட்டியிருக்கிறது, சிலவற்றில் இல்லை. உங்களுடையது எது என்று வந்து பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். இப்போதெல்லாம் சனிக்கிழமைகளில் நான் வீட்டில்தான் இருக்கிறேன்.

அன்புடன்,
நியூ ஆர்லியன்ஸிலிருந்து ஒரு கடலூர்க்காரி