ஒலிப்பிரிவில் இருந்த அந்த நண்பருக்கு நன்றி

நேரலையின் நடுவே, ஒரு கேமராவின் காட்சியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கருவியான வீடியோ ஸ்விட்சரின் கட்டுப்பாட்டுப் பலகை முடங்கிவிட்டது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் பலனில்லை. ஒரே கேமராவின் காட்சிதான் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்விட்சரையே அணைத்துப் போடலாம் என்று ஒருவர் கைநீட்டியபோது ஓடிவந்து தடுத்தீர்கள். "பலகைதான் நின்றிருக்கிறது, ஸ்விட்சர் வேலை செய்கிறது. அதை அணைத்தால் ஒளிபரப்பே போய்விடும்" என்றீர்கள். உங்கள் மடிக்கணினியை அதே நெட்வொர்க்கில் இணைத்து, மென்பொருள் வழியே கேமராக்களை மாற்ற வழிசெய்து கொடுத்தீர்கள். அதோடு விடவில்லை. மேசைக்கடியில் புகுந்து, பலகையின் நெட்வொர்க் கேபிளை விரலால் தடவிக்கொண்டே போய், நாற்காலிச் சக்கரம் ஏறி நசுங்கிய இடத்தைக் கண்டுபிடித்தீர்கள். வேறு கேபிள் மாட்டியதும் பொத்தான்களில் சிவப்பும் பச்சையும் எரிந்தன. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

யாரும் அழைக்காமலே வந்தீர்கள். நிகழ்ச்சி முடிந்து தேடியபோது கிளம்பிவிட்டிருந்தீர்கள். பெயர்கூடத் தெரியாது, ஐயா. இது உங்கள் கண்ணில் பட்டால் ஒரு வரி எழுதுங்கள். மனமார்ந்த நன்றி.