புதுவெள்ளத்தில் வலை வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

மகளைப் பார்க்கக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குப் போயிருந்தேன். நவம்பரில் ஒருநாள் காட்டு ஓடையோரம் நடந்தபோது நாற்றம் தாங்க முடியவில்லை. கல்லுக்குக் கல் செத்த சால்மன் மீன்கள், கண்ணில்லாமல், செட்டை கிழிந்து. யாரோ நஞ்சு கலந்துவிட்டார்கள் என்று பதறிப்போனேன். மருமகன்தான் விளக்கினார். கடலில் வளர்ந்த மீன் பிறந்த ஓடைக்கே திரும்புகிறது, ஆற்றுக்குள் வந்ததும் தீனியை விட்டுவிடுகிறது, முட்டையிட்டபின் செத்துப்போகிறது. உடலைக் கரடியும் கழுகும் தின்னும், மிச்சம் ஓடைப் பூச்சிகளுக்கு, அந்தப் பூச்சிகள் மீன்குஞ்சுகளுக்கு. கடலிலிருந்து வந்த நைதரசனைக் கரையோர மரங்களில்கூடக் கண்டறிந்திருக்கிறார்கள்.

அன்றிரவு முழுக்க வன்னி நினைவுதான். எங்கள் குளத்து விரால் அப்படிச் சாவதில்லை, குஞ்சுகளைக் காத்து நிற்கும். விலாங்கு எதிர்மாறு, முட்டையிடக் கடலுக்குப் போய் அங்கேயே மடியும். ஆனால் மாரியில் புதுவெள்ளத்தை எதிர்த்து மீன் ஏறுவதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறோம்தானே! அந்த நேரம் பார்த்து வாய்க்காலை மறித்துச் சிறுகண் வலை கட்டுகிறோம். போன மாரியில் எங்கள் குளத்தடியில் சினைக் கெளிறுகள் குவியலாகக் கிடந்தன, பாதி விலைப்படாமல் அழுகி. அதைப் பார்த்து வயிறு எரிந்தது.

மீனவர் சங்கங்களும் கமக்காரர் அமைப்புகளும் கூடி, வெள்ளம் வரும் முதல் இரண்டு கிழமையாவது குளத்து நீர் வழிந்தோடும் வான் பக்கமும் வாய்க்காலிலும் வலை போடுவதில்லை என்று முடிவெடுக்க வேண்டும். மீனை நம்பிப் பிழைப்பவர்களுக்கு அந்த நாட்களுக்குக் கொடுப்பனவும் வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னரே கூட்டம் வைத்தால் நல்லது.

வாசகர்,
கிளிநொச்சி