ஓடும் உலைகளை மறக்க வேண்டாம்

ஆசிரியருக்கு,

2050-க்குள் உலகின் அணுமின் திறனை மும்மடங்காக்குவோம் என்று 2023 துபாய் காலநிலை மாநாட்டில் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள் கொடுத்த உறுதிமொழி பற்றிய உங்கள் தலையங்கத்தைப் படித்தேன். முழுக்கப் புதிய அணு உலைகளைப் பற்றியே பேசிவிட்டு, இப்போது ஓடிக்கொண்டிருப்பவற்றை மறந்துவிட்டீர்களே என்பதுதான் என் குறை. உலக மின்சாரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அவற்றிலிருந்துதான் வருகிறது. புதிதாகக் கட்டுவது லேசில்லை. பின்லாந்தின் ஒல்கிலுவோட்டோ மூன்றாம் உலையைக் கட்டத் தொடங்கியது 2005-இல், அது வழக்கமான உற்பத்திக்கு வந்ததோ 2023-இல். அதே ஆண்டு ஏப்ரலில் ஜெர்மனி தன் கடைசி மூன்று உலைகளையும் மூடியது, அதுவும் நிலக்கரி மின் நிலையங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே. எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

மின் கட்டமைப்பின் கட்டுப்பாட்டு அறையில் பல ஆண்டுகள் ஷிப்ட் பார்த்தவன் நான். பொழுது சாயும்போது சூரிய மின்சாரம் மளமளவென்று இறங்கும், சரியாக அப்போதுதான் வீடுகளில் விளக்கெல்லாம் எரியத் தொடங்கித் தேவை ஏறும். அந்த நேரத்தில் அணுமின் அளவு மட்டும் அசையாமல் நிற்பதைத் திரையில் பார்த்து எத்தனையோ நாள் நிம்மதி அடைந்திருக்கிறேன். கழிவு பற்றிய பயம் நியாயமானது, சரி, ஆனால் உலையை மூடிவிட்டால் மட்டும் அதுவரை சேர்ந்த கழிவு போய்விடாது. எனவே, எந்த உலையையும் மூடும் முன் சுயேச்சையான வல்லுநர் குழு அதன் பாதுகாப்பைச் சோதிக்கட்டும். தேறினால் ஆயுளை நீட்டிக்கட்டும், தேறாவிட்டால் அந்த இடத்தை நிரப்பப்போவது நிலக்கரியா காற்றாலையா என்பதை அரசுகள் முன்கூட்டியே எழுத்தில் வெளியிடட்டும்.