மூன்றாம் அத்தியாயத்தைப் பற்றி மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் இருவரும் நலம். கிணறு இறைத்தாயிற்று. அம்மாவின் கண் சத்திரசிகிச்சை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போயிருக்கிறது. அதைப் பற்றி நீ யோசிக்க வேண்டாம். நீ அனுப்பிய மூன்றாம் அத்தியாயத்தை மேலும் இரண்டு தடவை வாசித்தேன். அன்று தொலைபேசியில் அப்படிப் பேசியபோது நான் அதைப் பாதிதான் வாசித்திருந்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அதன் பிறகு கடந்துபோன ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. உனக்கு வேலை அதிகமாக இருந்திருக்கும்.

இலங்கையின் முன்னாள் ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்தனவை எடைபோட வருகிறவர்கள், வரலாற்றுப் பேராசிரியர் ஒருவரும் முன்னாள் அமெரிக்கத் தூதுவர் ஒருவரும் சேர்ந்து எழுதிய அந்த இரண்டு பாக அரசியல் வாழ்க்கை வரலாற்றைத் தவிர்க்க முடியாது என்கிறாய். சரிதான். ஆனால் ஒருவருடைய மேசை இழுப்பறையிலிருந்து எழுதப்படும் வரலாறு, அந்த மேசையில் இருந்தவர் கண்ட நாட்டைத்தான் காட்டும். 1951இல் சான் பிரான்சிஸ்கோவில், பகைமை பகைமையால் தணியாது என்ற புத்தர் வாக்கைச் சொல்லி, ஜப்பானிடம் இழப்பீடு கோரப்போவதில்லை என்று அவர் அறிவித்ததை நான்கு பக்கங்களில் எழுதியிருக்கிறாய். அம்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன், அவளுக்குப் பெருமை தாங்கவில்லை, எனக்கும்தான். ஆனால் அதே மனிதர் 1957இல், பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழர் தலைவர் செல்வநாயகமும் செய்துகொண்ட பண்டா–செல்வா ஒப்பந்தத்தை எதிர்த்துக் கண்டிக்கு நடக்கத் தொடங்கியது உனக்கு ஓர் அடிக்குறிப்பாகப் போய்விட்டது. இம்புல்கொடையில் மறிக்கப்பட்டு நின்றுபோனதால் அந்த நடை சிறிய செய்தியாகிவிடாது, பிள்ளை.

அவரை வெறும் கெட்டவராக எழுதச் சொல்லவில்லை. 1977க்கு முன் விடியப்புறத்தில் பாணுக்கு வரிசையில் நின்றவன் நான்; திறந்த பொருளாதாரம் வந்த பிறகு புறக்கோட்டைக் கடைகளை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நடந்தவனும் நான்தான். துரித மகாவலித் திட்டம், கட்டுநாயக்க வர்த்தக வலயம், பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசப் பாடநூல் எல்லாம் அவர் காலத்தவை. அவற்றுக்குரிய இடத்தைக் கொடு. 168 ஆசனங்களில் 140ஐக் கையில் வைத்துக்கொண்டு அவர் செய்தவற்றுக்கும் அதே இடத்தைக் கொடு. தம் கட்சி உறுப்பினர்களிடம் திகதியிடாத பதவி விலகல் கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டு, 1982 டிசம்பரில் சர்வசன வாக்கெடுப்பு வைத்து, ஆம் என்றால் விளக்குக்கு, இல்லையென்றால் குடத்துக்கு என்று மக்களைப் புள்ளடி போடச் சொல்லி, பொதுத் தேர்தல் இல்லாமலே அந்த நாடாளுமன்றத்தின் ஆயுளை ஆறு ஆண்டுகளுக்கு நீட்டினார். மறு வருடம் யூலை 24ஆம் திகதி இரவு தமிழருக்கு எதிரான வன்செயல் கொழும்பில் தொடங்கியது. அவர் நாட்டு மக்களுக்கு உரையாற்றியது 28ஆம் திகதி. அதில் எங்களுக்கென்று ஓர் ஆறுதல் வார்த்தை இருக்கவில்லை. இதற்கெல்லாம் நீ வைத்திருக்கும் பெயர் 'சூழ்நிலையின் நிர்ப்பந்தம்'. திகதிகளைச் சரிபார். எழுதி முடித்த பிறகும் ஒருமுறை திகதிகளைச் சரிபார்.

அந்தச் சொற்களைக் கண்டதும்தான் அன்று எனக்குக் கோபம் வந்தது. உன்மேல்தான் கோபம் என்று நானும் நினைத்திருந்தேன். அவை நாற்பது வருடங்களுக்கு மேலாக நான் எனக்கே சொல்லி வந்த சொற்கள்.

1980 யூலை வேலைநிறுத்தத்தை நீ ஒரே வரியில் முடித்திருக்கிறாய்: மாதம் 300 ரூபா கூட்டிக் கேட்டார்கள், ஏறத்தாழ 40,000 பேர் வேலை இழந்தார்கள். என் பக்கத்து மேசைக்காரர் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போனார் என்றுதானே உனக்குச் சொல்லியிருக்கிறேன்? அவர் விடவில்லை. சங்கக் கூட்டத்தில் நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்துதான் கையுயர்த்தினோம். வேலைக்கு வராதவர்கள் பதவியை விட்டு நீங்கியவர்களாகக் கருதப்படுவார்கள் என்று அரசாங்கம் அறிவித்தது. சின்னமாமியின் கலியாணம் பொருந்தி வந்த நேரம் அது, சீதனக் காசில் பாதி என் தலையில் இருந்தது. மறுநாள் காலை நான் கந்தோரின் பின்வாசலால் உள்ளே போய் வரவுப் பதிவேட்டில் கையெழுத்து வைத்தேன். என் பெயருக்கு மேலே அவருடைய கட்டம் வெறுமையாக இருந்தது. தலைமை எழுதுவினைஞர் வந்து அதில் சிவப்பு மையால் கோடு இழுக்கும்வரை பேனாவை மூடாமல் அங்கேயே நின்றேன். இரண்டு மாதம் கழித்து, அவருடைய வேலையையும் பார்க்கும்படி எனக்குப் பதில் கடமைக் கடிதம் வந்தது. அந்தக் கொடுப்பனவில் வாங்கியதுதான் அம்மாவின் தையல் மெசின். உன் முதலாவது பள்ளிச் சீருடை அதில்தான் தைத்தது. அவருடைய வீட்டுப் பக்கம் நான் போகவில்லை. ஒருமுறை மருதானை ஸ்டேஷனில் தூரத்தில் கண்டு, கூட்டத்துக்குள் புகுந்து மறுபக்கம் போய்விட்டேன்.

திகதியில்லாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்களே என்று அந்த நாடாளுமன்ற உறுப்பினர்களை நான் ஏளனம் செய்வதை நீ சிறு வயதிலிருந்து கேட்டிருக்கிறாய். என் கையெழுத்தில் திகதி இருந்தது.

ஆகவே அந்த ஒரு வரியை விரித்து எழுது. யார் யார் கையெழுத்து வைத்ததால் ஜே.ஆரின் உத்தரவுகள் நடந்தன என்பதையும் எழுது. அவருடைய ஆவணங்களில் அது கிடைக்காது. அம்மா ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கைத்தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டே இருக்கிறாள், அவளுக்காகவாவது பேசு. பதில் கடமைக் கடிதம் நீலக் கோப்பில் பத்திரமாக இருக்கிறது. தேவையென்றால் பிரதி எடுத்து அனுப்புகிறேன். அதில் என் பெயரை மறைக்க வேண்டியதில்லை. அவருடையதை மறைத்துவிடு.

அன்புடன்,
அப்பா