பொலிஸை அழைப்பதற்கு முன்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்புள்ள மகனுக்கு,

சித்தப்பாவுக்கு மறுபடியும் மனநோய் கூடினால் யோசிக்காமல் பொலிஸின் 119ஐ அழைக்கும்படி எழுதியிருந்தாய். அவர் கத்தியோடு நின்றாலோ மொட்டைமாடி விளிம்பில் ஏறினாலோ நான் ஒரு கணமும் தாமதிக்க மாட்டேன். மற்ற வேளைகளில் பொலிஸைக் கடைசியாகவே அழைக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறேன்.

லண்டனில் நீ காணும் ஒழுங்கு வேறு. அங்கே 1983ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தின் 136ஆம் பிரிவின்படி பொலிஸார் கொண்டுபோகும் ஒருவரை, மருத்துவர் நீட்டினாலன்றி, 24 மணித்தியாலத்துக்குமேல் தடுத்துவைக்க முடியாது. இங்கே இருப்பதோ 1873இல் பிறந்து 1956இல் திருத்தப்பட்ட மனநோய்க் கட்டளைச் சட்டம்.

ஆனால் என் கவலை சட்டத்தைப் பற்றியதன்று. யாரோ தன்னைப் பின்தொடர்கிறார்கள், பெயரைக் குறித்துக்கொள்கிறார்கள் என்பதுதான் சித்தப்பாவின் நோய். அடையாள அட்டையை நீட்டிச் சோதனைச் சாவடிகளைத் தாண்டியவர்களுக்கும், 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜ்களிலிருந்து தமிழர் பொலிஸாரால் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டதையும் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்ததையும் கண்டவர்களுக்கும் அந்த அச்சம் எங்கிருந்து முளைத்தது என்று சொல்லத் தேவையில்லை. அப்படிப்பட்டவரின் கதவில் காக்கி உடை வந்து நின்றால், தான் பயந்ததெல்லாம் மெய்யென்றே அவர் முடிவுகட்டுவார். பிறகு மருந்து கொடுக்கும் தாதியையும் நம்ப மாட்டார். நோய் முற்றிய நேரத்தில் அவர் வாயில் தமிழ் மட்டுமே வரும். வருகிற உத்தியோகத்தருக்கு அது விளங்காவிட்டால், அவருடைய பதற்றம் எதிர்ப்பாகத் தோன்றிவிடும்.

ஆகையால் முதலில் அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைப்போம். அதில் எந்நேரமும் பேசலாம். கொண்டுபோக நேர்ந்தால் 1990 அம்புலன்ஸ் இருக்கிறது, கட்டணமும் இல்லை. அதற்கும் மேல் பொலிஸ் வேண்டியிருந்தால், இயன்றவரை சிவில் உடையில் வரும்படி கேட்போம். சித்தி வாசலிலேயே நின்று, கிளினிக் கொப்பியைக் காட்டி, அவர் குற்றவாளியல்லர், நோயாளி என்று சிங்களத்தில் சொல்வார். நான் வாகனத்தில் அவர் பக்கத்தில் இருந்து போவேன்.

சித்தியிடம் இதையெல்லாம் சொல்லியிருக்கிறேன். என்றாலும் நடுச்சாமத்துப் பயத்தில் அவர் கை 119க்கே போகும்; ஞாயிற்றுக்கிழமை பேசும்போது நீயும் எடுத்துச் சொல். சித்தப்பா இப்போது தெளிவாக இருக்கிறார். அடுத்த முறை யார் வந்து கூட்டிக்கொண்டு போகவேண்டும், யாருடைய பேச்சைக் கேட்பார் என்று அவரிடமே கேட்டு எழுதிவைக்கப் போகிறேன். அநேகமாக உன் பெயரைச் சொல்வார். இரவில் தொலைபேசியை நிறுத்திவைக்காதே.

அன்புடன்,
அப்பா