தற்காப்பு வாதம் எழும் அடிதடி, கொலை வழக்குகளில் இரு தரப்பையும் விசாரித்துப் பதிவு செய்ய சுற்றறிக்கை கோரும் மனு

அனுப்புநர்:
குற்ற வழக்குகளில் எதிரிகள் (குற்றம் சாட்டப்பட்டோர்) தரப்பிலும் பாதிக்கப்பட்டோர் தரப்பிலும் ஆஜராகும் வழக்கறிஞர்கள், சட்ட உதவி வழக்கறிஞர்கள்.

பெறுநர்:
காவல்துறை தலைமை இயக்குநர் அவர்கள்,
தமிழ்நாடு காவல்துறை தலைமையகம்,
மயிலாப்பூர், சென்னை - 600 004.

பொருள்: தற்காப்பு உரிமை குறித்த வாதத்தைப் புலன்விசாரணைக் கட்டத்திலேயே பரிசீலிக்கவும், எதிரியின் காயங்களைப் பதிவு செய்யவும், எதிர் புகாரைக் காவல் நிலையாணை (காவல்துறையின் நிரந்தர உத்தரவு) 566-இன்படி கையாளவும் அனைத்து நிலையங்களுக்கும் அறிவுறுத்தக் கோருதல் - தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். அடிதடியிலும் கொலை முயற்சியிலும் பிடிபட்ட ஒருவர் "அவன்தான் அரிவாளோட வீட்டுக்கு வந்தான், தடுத்தேன்" என்று சொன்னால், நிலையத்தில் பெரும்பாலும் கிடைக்கும் பதில் "அதெல்லாம் கோர்ட்ல சொல்லிக்கோ" என்பதுதான். வழக்கு சாட்சி விசாரணைக்கு வருவதற்குள் காயம் ஆறிவிடும், கேமரா பதிவு அழிந்துவிடும், பார்த்தவர் வேலை தேடி வெளியூர் போயிருப்பார். பிறகு கோர்ட்டில் சொல்வதற்கு வாய் மட்டும்தான் மிஞ்சும். தற்காப்பு என்பது உண்மையா, கட்டிய கதையா என்பதைச் சோதிக்க வேண்டிய நேரம் சம்பவம் நடந்த முதல் சில நாட்களே. அந்த நாட்கள் புலன்விசாரணை அதிகாரியின் கையில் இருப்பதால்தான் இந்த மனு தங்களிடம் வருகிறது.

பாரதிய நியாய சன்ஹிதா 34-ஆம் பிரிவு, தற்காப்பு உரிமையின்படி செய்த எதுவும் குற்றமே அல்ல என்கிறது. தண்டனையைக் குறைக்கும் சலுகையாக அதைச் சட்டம் வைக்கவில்லை. ஆகவே குற்றம் நடந்ததா என்று பார்ப்பவர், இந்தக் கேள்வியையும் சேர்த்தே பார்த்தாக வேண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள்தான் இப்போது 34 முதல் 44 வரை உள்ளன. உயிர் போகும் அளவுக்குத் திருப்பித் தாக்க உரிமை எழும் ஏழு நிலைமைகளை 38-ஆம் பிரிவு சொல்கிறது: உயிருக்கு ஆபத்து, கொடுங்காயம், பாலியல் வன்புணர்வு, இயற்கைக்கு மாறான இச்சை, கடத்தல், அதிகாரிகளின் உதவியை நாட முடியாதபடி அடைத்து வைத்தல், ஆசிட் வீச்சு. சொத்தைப் பொறுத்தவரை கொள்ளை, சூரியன் மறைந்து உதிக்கும் முன் வீடு உடைத்துப் புகுதல், குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைத்தல் முதலியவை 41-ஆம் பிரிவில் வருகின்றன. வெட்டு விழும் வரை காத்திருக்க வேண்டியதில்லை; ஆபத்து வருகிறது என்ற நியாயமான அச்சம் எழுந்த கணத்தில் உரிமை தொடங்குகிறது, அச்சம் நீங்கியதும் முடிகிறது. தேவைக்கு மேல் தீங்கு செய்யவும், காவல்துறையை அழைக்க நேரம் இருந்தபோது கைநீட்டவும் 37-ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை.

தற்காப்பு என்று சொன்ன எவரையும் விட்டுவிடும்படி நாங்கள் கேட்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறோம். இரு கூட்டமும் ஆயுதத்தோடு வந்து மோதிக்கொண்டால் அங்கே இந்த உரிமை யாருக்கும் பொதுவாகக் கிடைக்காது. தாக்க வந்தவன் கட்டையைப் போட்டுவிட்டு ஓடிய பின் துரத்திப்போய் வெட்டினால் அது பழிவாங்கல். உரிமை இருந்தும் நல்லெண்ணத்தோடு அதன் எல்லையை மீறி உயிர் போயிருந்தால், 101-ஆம் பிரிவின் இரண்டாவது விதிவிலக்கின்படி அது கொலை ஆகாது. கொலையாகாத மரண விளைவிப்புக்கான 105-ஆம் பிரிவுக்கு வரும். இந்த மூன்றில் எது என்று பிரித்தறிய ஆவணம் வேண்டும். அதுதான் இன்று சேகரிக்கப்படாமல் போகிறது.

காவல்துறைக்கு இந்தக் கட்டத்தில் முடிவெடுக்க அதிகாரம் இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். தமிழ்நாட்டுக் காவல்துறையே அதை மறுத்திருக்கிறது. 2012-இல் மதுரையில், மகளிடம் தவறாக நடக்க முயன்ற கணவனைத் தாக்கிக் கொன்ற பெண்ணும், 2021 ஜனவரியில் திருவள்ளூர் மாவட்டம் சோழவரம் பகுதியில் கத்தி முனையில் வன்புணர்வுக்கு முயன்றவனைக் குத்திக் கொன்ற இளம்பெண்ணும் அன்றைய இந்திய தண்டனைச் சட்டம் 100-ஆம் பிரிவின்படி தற்காப்பு என்று கொள்ளப்பட்டு விடுவிக்கப்பட்டார்கள். இரண்டிலும் மாவட்ட அளவில் மேலதிகாரியே நேரடியாகக் கவனித்தார். அப்படிக் கவனிப்பு கிடைக்காத சாதாரண வரப்புத் தகராறுகளுக்கும் குழாயடிச் சண்டைகளுக்கும் அதே சட்டம்தான்.

எதிர் புகார் பற்றி. காவல் நிலையாணை 566 (பழைய எண் 588-ஏ) தெளிவாகவே இருக்கிறது. ஒரே சம்பவத்திலிருந்து புகாரும் எதிர் புகாரும் வந்தால் அதிகாரி இரண்டையும் விசாரித்து, முதலில் தாக்கியவர் யார் என்று கண்டு அவர் மீதான வழக்கில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். இரண்டும் பொய் என்றால் இரண்டையும் முடிக்க வேண்டும். முடிவுக்கு வர முடியாவிட்டால் அரசு வழக்கறிஞரின் கருத்தைப் பெற வேண்டும். நடப்பது வேறு. யார் முதலில் நிலையத்துக்கு வந்தாரோ அவர் புகார்தாரர், பின்னால் வந்தவர் எதிரி. ரத்தம் ஒழுக ஜி.எச்.சில் கிடப்பவர் எப்படி முதலில் வர முடியும்? அவரது புகாருக்கு, புகார் பெறப்பட்டது என்று மட்டும் சொல்லும் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் தந்து வைத்துவிடுகிறார்கள். எப்.ஐ.ஆர். போட்டாலும் பின்னர் "மிஸ்டேக் ஆப் பேக்ட்" (பொருண்மைப் பிழை) என்று முடித்து, வழக்கு முடிக்கப்பட்டதைப் புகார்தாரருக்குத் தெரிவிக்கும் ஆர்.சி.எஸ். நோட்டீஸைக் கொடுக்காமலே விடுகிறார்கள். நோட்டீஸ் வராததால் மாஜிஸ்திரேட்டிடம் ஆட்சேபிக்கும் வாய்ப்பும் போகிறது. ஒரே சம்பவத்துக்கு இரண்டாவது எப்.ஐ.ஆர். போட முடியாது என்று நிலையங்களில் சொல்லப்படும் காரணம் எதிர் புகாருக்குப் பொருந்தாது. 2004-இல் உப்கார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவிட்டது.

இதன் மறுபக்கத்தையும் மறைக்க விரும்பவில்லை. அடித்தவரே பேரம் பேசுவதற்காக எதிர் வழக்குப் போடுவதும் உண்டு. பட்டியல் சாதியினர் வன்கொடுமைப் புகார் கொடுத்த மறுநாளே அவர்கள் மீது ஒரு 'கவுண்டர் கேஸ்' முளைப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. வன்கொடுமை வழக்கை டி.எஸ்.பி. விசாரிக்க, எதிர் வழக்கை எஸ்.ஐ. தனியாக விசாரித்து முடித்தால் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு இறுதி அறிக்கைகள் வரும். இரண்டையும் அந்த டி.எஸ்.பி.யே விசாரிக்க வேண்டும்.

அடுத்து மருத்துவமனை. தற்காப்பு வழக்கின் உயிர்நாடி அங்கே எழுதப்படும் விபத்துப் பதிவேடுதான் (ஏ.ஆர்.). புகார்தாரருக்கு ஏ.ஆர். காப்பி, எக்ஸ்ரே, காயச் சான்றிதழ் எல்லாம் ஒழுங்காகக் கோப்பில் சேரும். எதிரிக்கு இருப்பது பெரும்பாலும் ரிமாண்டுக்கு முன் அவசரமாக எழுதிய ஒரு வரி: உடல்நிலை சரியாக உள்ளது, காவலில் வைக்கத் தகுதியானவர். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.எஸ்.) 53-ஆம் பிரிவு கேட்பது அதுவல்ல. கைதானவரை மருத்துவர் உடனே பரிசோதித்து, உடலில் உள்ள காயங்களையும் அவை ஏறத்தாழ எப்போது ஏற்பட்டிருக்கும் என்பதையும் எழுதி, நகலைக் கைதானவருக்கோ அவர் குறிப்பிடும் நபருக்கோ தர வேண்டும்.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம் என்றால், காயமே கதையைச் சொல்லிவிடும். பாய்ந்து வரும் அரிவாளைக் கையால் தடுத்தவருக்கு முன்கையின் சுண்டுவிரல் பக்கத்தில் வெட்டு இருக்கும். கத்தியைப் பிடித்தவருக்கு உள்ளங்கையிலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலும் கீறல் இருக்கும். கழுத்தை நெரிக்கப்பட்டவருக்கு நகக்கீறல் இருக்கும். சில நாளில் அது தடயமின்றி ஆறிவிடும். கன்றிப்போன இடம் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று மாறி இரண்டு வாரத்துக்குள் மறைந்துவிடும். அந்த நிறத்தை அன்றே எழுதாவிட்டால் பிறகு எந்த நிபுணராலும் திரும்ப எழுத முடியாது. எதிரியின் காயத்துக்குக் காரணமாகப் போலீஸ் குறிப்பில் "தப்பி ஓடும்போது கீழே விழுந்து" என்று வந்துவிட்டால் மருத்துவரும் பல நேரம் அதையே எழுதிவிடுகிறார். தமிழ்நாட்டில் வழுக்கி விழுந்தவர்களின் எண்ணிக்கை ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது, ஐயா.

எதிரியின் காயத்துக்கு விளக்கம் தராமல் விடுவது அரசுத் தரப்புக்கும் கேடு. 1976-இல் லட்சுமி சிங் எதிர் பீகார் மாநிலம் வழக்கில், சம்பவ நேரத்தில் எதிரிக்கு ஏற்பட்ட காயத்தை விளக்காவிட்டால், சம்பவத்தின் தொடக்கம் மறைக்கப்பட்டதாகவும் எதிரியின் கூற்று நம்பத்தக்கதாகவும் கொள்ள இடமுண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. லேசான சிராய்ப்புகளுக்கு இது பொருந்தாது என்றாலும், எலும்பு முறிவையும் வெட்டுக் காயத்தையும் மறைத்த வழக்குகள் இந்த ஒரு காரணத்தாலேயே சரிகின்றன. உண்மையாகவே குற்றம் செய்தவரும் அப்போது விடுதலையாகிவிடுகிறார்.

சம்பவ இடம் பற்றி ஒரு விஷயம். ஆபாசமாகத் திட்டியதற்கான பாரதிய நியாய சன்ஹிதா 296(பி) பிரிவைச் சேர்க்கப் பொது இடம் வேண்டும். அதற்காகப் புகாரை எழுதும்போதே வீட்டு வாசலுக்குள் நடந்த சண்டையைத் தெருவுக்கு நகர்த்திவிடுவதைப் பார்க்கிறோம். ஒரு சின்னப் பிரிவுக்காகச் செய்யும் இந்த இடமாற்றம், யார் யாருடைய வீட்டுக்குள் புகுந்தார் என்ற முதல் கேள்வியையே அழித்துவிடுகிறது. சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் பார்வை மகஜரில் கதவு, தாழ்ப்பாள், உடைந்த பொருள், ரத்தத் துளிகள் சென்ற திசை, தெருவிளக்கின் தூரம் எல்லாம் இருக்க வேண்டும். மாதிரி வரைபடத்தில் ஒரு பெருக்கல் குறி மட்டும் இருந்தால் அது யாருக்கும் உதவாது. ரத்தக் கறை இரண்டு மூன்று இடத்தில் இருந்தால் ஒவ்வொன்றிலும் தனித்தனியே மாதிரி எடுத்து, எதிரியின் ரத்தப் பிரிவையும் ஒப்பிட அனுப்ப வேண்டும்.

கடைகளில் உள்ள டி.வி.ஆர். (கேமரா பதிவுக் கருவி) பதிவு ஹார்ட் டிஸ்க்கின் கொள்ளளவைப் பொறுத்து இரண்டு வாரத்திலோ ஒரு மாதத்திலோ தானாக அழிந்து மேல்பதிவாகும். எதிரி தரப்பு கேட்டால் "எங்களுக்குத் தேவைப்படவில்லை" என்பதே பதில். பதிவை எடுக்கும்போது டி.வி.ஆரின் கடிகாரத்துக்கும் உண்மையான நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மகஜரில் எழுத வேண்டும். பத்து நிமிட வித்தியாசம் யார் முதலில் வந்தார் என்பதையே தலைகீழாக்கும். பதிவு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் ஹாஷ் மதிப்புடன் கூடிய, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் (பி.எஸ்.ஏ.) 63(4)-இன்படியான சான்றிதழை அதன் இரண்டு பகுதிகளும் நிரம்பப் பெற வேண்டும். 112, 108 எண்களுக்கு யார், எத்தனை மணிக்கு அழைத்தார் என்ற விவரமும் அப்படியே. வெட்டியவரே ஆம்புலன்சை அழைத்திருந்தால் அது கோப்பில் இருக்க வேண்டிய செய்தி.

மெய்ப்பிக்கும் சுமை பற்றி நிலையங்களில் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. பி.எஸ்.ஏ. 108-ஆம் பிரிவு விதிவிலக்கை நிரூபிக்கும் பொறுப்பை எதிரி மேல் வைக்கிறது என்பது சரி. ஆனால் ஐயத்துக்கு இடமின்றி அவர் நிரூபிக்க வேண்டியதில்லை. அப்படி நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். அதை அரசுத் தரப்பின் சாட்சிகள், ஆவணங்கள் வழியாகவே காட்டலாம். எதிரி வாய்திறந்து தற்காப்பு என்று சொல்லாவிட்டாலும் ஆவணத்தில் தெரிந்தால் நீதிமன்றம் அதைக் கருதலாம். உயிர் ஊசலாடும் நேரத்தில் அடியின் பலத்தை அளந்து அளந்து அடிக்க யாராலும் முடியாது. இவையெல்லாம் 2010-இல் தர்ஷன் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம் வழக்கில் தொகுத்துச் சொல்லப்பட்டவை. அரசுத் தரப்பு ஆவணங்களை நம்பியே எதிரி நிற்க வேண்டியிருப்பதால்தான், அவருக்குச் சாதகமான ஆவணத்தைக் கோப்பிலிருந்து எடுத்துவிடுவது அவருடைய வாதத்தையே எடுத்துவிடுவதாகும். காவல்துறை சேகரித்தும் அரசுத் தரப்பு சார்ந்து நிற்காத ஆவணங்களின் பட்டியலை எதிரிக்குத் தர வேண்டும் என்று 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் வரைவு விதிகளில் கூறியது; 2022-இல் மனோஜ் எதிர் மத்தியப் பிரதேசம் வழக்கில் மீண்டும் வலியுறுத்தியது. குற்றப்பத்திரிகைகளில் அந்தப் பட்டியலைக் காண்பது அரிது.

ஆகவே தங்களைக் கேட்டுக்கொள்வது:

தற்காப்பு என்று எதிரி சொன்னால் அதை அவர் சொன்னபடியே பதிவு செய்து, உண்மையா என்று விசாரித்த விவரத்தை இறுதி அறிக்கையில் தனிப்பத்தியாக எழுதவும், ஏற்க மறுத்தால் காரணம் கூறவும் உத்தரவிட வேண்டும்.

எதிரிக்குக் காயம் இருந்தால் அவரது ஏ.ஆர். காப்பியையும் 53-ஆம் பிரிவின்படியான மருத்துவக் குறிப்பையும் ரிமாண்டு மனுவுடன் இணைக்காமல் ஆஜர்படுத்தக் கூடாது. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள பிரிவுகளில் பி.என்.எஸ்.எஸ். 35(3)-இன்படி விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் நோட்டீஸ் கொடுக்காமல் கைது செய்தால் காரணத்தை டி.எஸ்.பி. சரிபார்க்க வேண்டும்.

எதிர் புகாரை ஜி.எச்.சிலேயே போய்ப் பெற்று வழக்குப் பதிய வேண்டும். இரண்டையும் ஒரே அதிகாரி விசாரிக்க வேண்டும். ஆர்.சி.எஸ். நோட்டீஸைக் கையெழுத்துப் பெற்றே வழங்க வேண்டும். இரண்டிலும் குற்றப்பத்திரிகை தாக்கலானால், 1990-ஆம் ஆண்டு நாத்தி லால் தீர்ப்பின்படி ஒரே நீதிபதி முன் அடுத்தடுத்து விசாரணைக்கு வருமாறு அரசு வழக்கறிஞர் வழியாக மனு செய்ய வேண்டும்; ஒன்று செஷன்சிலும் மற்றொன்று மாஜிஸ்திரேட்டிடமும் தனித்தனியாக நடக்க விடக் கூடாது.

கேமரா பதிவை இரு தரப்பில் யார் எழுத்து மூலம் கேட்டாலும் 48 மணி நேரத்துக்குள் கைப்பற்ற வேண்டும். முடியாவிட்டால் காரணத்தை எழுதித் தர வேண்டும்.

பெண்களும் சிறார்களும் பாலியல் தாக்குதலைத் தடுத்ததாகச் சொல்லும் மரண வழக்குகளில், கைது செய்யும் முன் மாவட்டக் கண்காணிப்பாளர் கோப்பைப் பார்க்க வேண்டும்.

இது குறித்துத் தாங்கள் பிறப்பிக்கும் சுற்றறிக்கையின் நகலை எங்களுக்கும், குற்ற வழக்குத் தொடர்வுத் துறை இயக்குநருக்கும் அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். வரைவு தயாரிக்க உதவி தேவைப்பட்டால் நேரில் வரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள்

நகல்: கூடுதல் தலைமைச் செயலாளர், உள்துறை, தலைமைச் செயலகம், சென்னை - 600 009.